குழைந்த சோறு

மே 4, திங்கள்

இன்று கம்பி போட்டார்கள்.

போன மாதமே நான்கு பற்களை எடுத்தாகிவிட்டது. மேலே இரண்டு, கீழே இரண்டு. சொத்தையில்லை, ஆட்டமில்லை, வலியில்லை. இடம் வேண்டுமாம். முன்பற்கள் பின்னால் நகர்ந்து உட்கார இடம். டாக்டர் ஜெசிந்தா அவற்றை ஸ்டீல் கிண்ணத்தில் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

காரணம் ஒரு வாக்கியம். எனக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை நந்தகோபாலின் அம்மா என் போட்டோவைப் பார்த்துவிட்டுத் தரகரிடம் சொன்னது: "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு. பல்லுதான் கொஞ்சம் தூக்கல்." தரகர் அதை அப்பாவிடம் கொண்டுவந்தார். அப்பா என்னிடம் கொண்டுவந்தார். "உன் இஷ்டம்தான் குழலி" என்றார், டாக்டரிடம் நாள் வாங்கிவிட்டு.

எம்.ஏ. தத்துவம். சுதந்திர விருப்பம் பற்றிக் கட்டுரை எழுதி வகுப்பில் முதலாவதாக வந்தவள்.

சரி என்றேன்.

டாக்டர் ஒரு தாள் கொடுத்தார், ஆங்கிலத்தில். வலி இருக்கும் நாட்களில் சாப்பிட வேண்டிய மெதுவான உணவுகள். அப்பா கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்தார். ஆப்பிள் கூழ். யோகர்ட். ஸ்மூத்தி. புட்டிங். மசித்த உருளைக்கிழங்கு.

"இதெல்லாம் யார் வீட்டுச் சாப்பாடு?" என்றாள் அம்மா. தாளை வாங்கிக்கொண்டு போய், மாவுப் பாத்திரம் பொங்கி வழிந்தால் உறிஞ்சட்டும் என்று அடியில் விரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் உதடு கம்பியில் மாட்டுகிறது.


மே 5

இத்தனை நாள் பல் என்று ஒன்று இருப்பதே தெரியாது. இன்று ஒவ்வொன்றும் தனித்தனி ஆள். தனித்தனிப் புகார்.

இட்லியைக் கடிக்க முடியவில்லை. இட்லியை! நாக்கால் மேலண்ணத்தில் நசுக்கி விழுங்கினேன். அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். மதியம் பாசிப்பருப்பும் அரிசியும் சேர்த்துக் குழைய விட்ட கஞ்சி. கூடவே ஓர் அப்பளம், ரசத்தில் ஊறி, நனைந்த துணி மாதிரி. சாயங்காலம் நுங்கு, தோலுரித்து, கையால் கசக்கி, இளநீரில் கலந்தது.

"மிளகைப் பொடிச்சுத்தான் போட்டிருக்கேன். முழுசாக் கிடந்தா சந்துல போய் உக்காந்துக்கும். அப்புறம் என்ன கொப்பளிச்சாலும் வராது."

அவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மாக்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

நந்தகோபால் செய்தி அனுப்பினான். "பல் எப்படி இருக்கு?" கோயம்புத்தூரில் வங்கியில் வேலை. நாங்கள் பேச ஆரம்பித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பதில் எழுதினேன், அழித்தேன், எழுதினேன்.

"இருக்கு."


மே 7

பசியும் கோபமும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன போல. பிரித்துப் பார்க்க முடியவில்லை.


மே 10, ஞாயிறு

ஞாயிறு என்றால் கறி. அப்பா எலும்பை உறிஞ்சும் சத்தம் வீடெல்லாம் கேட்டது. பெயின்ட் கடைக்காரர், ஆறு நாள் டர்பன்டைன் வாடையில் உட்கார்ந்திருப்பவர், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டை ரசித்துச் சாப்பிடுவார். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"ஒரு துண்டு வைக்கவா? மெதுவாக் கடி."

"வேண்டாம்ப்பா."

அவர் சாப்பிட்டு, கை கழுவி, பேப்பரோடு படுத்தும்விட்டார். என் தட்டில் பாதி அப்படியே இருந்தது. மின்விசிறிக் காற்றில் ஆறிப்போனது. சூடு பண்ணிக்கொள்ளலாம் என்று தட்டோடு அடுப்படிக்குப் போனேன்.

அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அதை எழுதிவிட்டு உற்றுப் பார்க்கிறேன். விசித்திரமான வாக்கியம். அம்மா சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. எல்லோரும் முடித்து, மேடையைத் துடைத்து, பிறகு ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து அவள் தின்பது, நாங்கள் அறைகளுக்குப் போன பிறகு நடக்கும் ஒரு காரியம். அது இப்படித்தான் என்று நான் யோசித்ததுகூட இல்லை.

தட்டில் வெறும் குழம்பு. கறி இல்லை. சோற்றை உள்ளங்கையின் அடிப்பகுதியால் தட்டோடு அழுத்தி அழுத்தி, சோறு என்றே தெரியாத அளவுக்குப் பிசைந்தாள். கூழ்வத்தலை இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துத் தூளாக்கி மோர்ச்சோற்றில் தூவினாள். ஒவ்வொரு கவளமும் வலது கன்னத்துக்கு மட்டும் போனது.

"கறி எடுத்துக்கலையாம்மா?"

"எனக்குக் குழம்புதான் பிடிக்கும்."

என் தட்டைப் பார்த்தேன். அவள் தட்டைப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே சாப்பாடு.

"வாயைத் தொற, பாப்போம்."

"போடி. மாடு புடிக்க வந்தவ பல்லைப் பாக்குற மாதிரி."


மே 13

அம்மாவுக்கு வலது தாடை வீங்கியிருக்கிறது. கிராம்பை நசுக்கி உள்ளே அடக்கிக்கொண்டு தோசை வார்க்கிறாள்.

"என்ன, காலையிலயே வெத்தலையா?" என்று அப்பா கேட்டார். சிரித்தபடி. தோசையைப் பிய்த்தபடி.

தினமும் அவர் பார்க்கும் முகம். இருபத்தாறு வருடம்.

தட்டை அவர் மடியில் கவிழ்க்க வேண்டும்போல் இருந்தது. சட்னி போதுமா என்று கேட்டேன்.


மே 15, வெள்ளி

கம்பியின் முனை கன்னத்தின் உட்புறத்தைக் குத்திப் புண்ணாக்கிவிட்டது. துணைக்கு அம்மா வந்தாள். டாக்டர் ஜெசிந்தா முனையை வெட்டிவிட்டு, புண் படும் இடத்தில் ஒட்டிக்கொள்ள மெழுகு கொடுத்தார். என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். கையுறையைக் கழற்றப் போனவர் அம்மாவைப் பார்த்தார்.

"உங்களுக்கு என்ன ஆச்சு? ஏறிப் படுங்க."

"எனக்கு ஒண்ணுமில்லைங்க டாக்டர். இவளுக்குத்தான்."

"படுங்கம்மா."

கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

முன்னால் வரிசையாக, வெள்ளையாக, அழகாக. அதற்குப் பின்னால் வீடுகளை இடித்துவிட்ட தெரு. இடது பக்கம் ஒரு கடைவாய்ப் பல்கூட இல்லை. வலது பக்கம் மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழே இருப்பதில்தான் சீழ்.

"இந்த ஒரு ஜோடியிலதான் அம்மா மெல்லுறாங்க. கீழ்ப்பல் போயிட்டா மேல இருக்கிறதுக்கு வேலை கிடையாது. ரூட் கெனால் பண்ணினா காப்பாத்திடலாம். ரெண்டு மூணு தடவை வரணும்."

அம்மா டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்து வாயிலிருந்து எடுத்துவிட்டாள். "அதெல்லாம் அலைய முடியாதுங்க. புடுங்கிடுங்க."

"வேண்டாம் டாக்டர்," என்றேன். டாக்டரிடம்தான் சொன்னேன். அம்மாவைப் பார்க்கவில்லை.

சீழை வடித்து, தற்காலிகமாக அடைத்து, மாத்திரை கொடுத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை கட்டாயம் வர வேண்டும். வராவிட்டால் மறுபடி சீழ் கட்டும். அப்புறம் எடுப்பதைத் தவிர வழியில்லை.

ஆக, ஒரு பல். மெல்லுவதற்கு அம்மாவிடம் மிச்சமிருப்பது அந்த ஒன்றுதான்.


மே 16

அம்மா கத்தரிக்காயைச் சுட்டுத் தோலெடுத்துக் கடைந்துகொண்டிருந்தாள். எங்கள் இருவருக்கும்.

"முதல்ல எது போச்சு?"

"நீ வயித்துல இருக்கையில வலி. அப்ப மருந்து கூடாதுன்னுட்டாங்க. நீ பொறந்த பெறகு புடுங்கினது."

"அப்புறம்?"

"உங்கப்பா கடை தொறந்தப்போ ஒண்ணு. நீ சமைஞ்சப்போ ஒண்ணு. சடங்குக்கு ஊரே வருது, நான் கன்னம் வீங்கிக்கிட்டு நிக்க முடியுமா? நீ பத்தாவது பரீட்சை எழுதுறப்போ ஒண்ணு. உன்னைச் சென்னையில ஹாஸ்டல்ல விடப் போனமே, அதுக்கு முந்தின நாள் ஒண்ணு. மத்தது எது எப்பன்னு ஞாபகமில்ல."

"ஒவ்வொரு தடவையும் பிடுங்கத்தான் சொன்னாங்களா?"

"டாக்டர் அலையணும்பாரு. உங்கப்பா புடுங்கிட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடும்பாரு. எனக்கும் அதான் தோது. வலி நின்னா சரி."

பேருந்து நிற்கும் ஊர்களைச் சொல்வதுபோல் சொன்னாள். வருத்தமேயில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. என் விசேஷங்கள் எல்லாம் அவள் வாய்க்குள் ஓட்டைகளாக இருக்கின்றன.

"முன்பல் மட்டும் எப்படித் தப்பிச்சது?"

"அதெப்படி விடுவேன்? நாலு பேர் பாக்குறது."


மே 19

அடுத்த மாதம் ஏழாம் தேதி மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க வருகிறார்கள். எங்கள் பக்கம் சம்பந்தம் உறுதியாகும் வரை பெண் வீட்டில் காபிக்கு மேல் எதுவும் வாயில் வைக்க மாட்டார்கள். சாப்பாட்டில் கை வைத்துவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் பின்வாங்கக் கூடாது. கல்யாணம் ஆவணியில்.

அப்பாவிடம் அம்மாவின் பல்லைப் பற்றிச் சொன்னேன். சீழ் என்றேன், ரூட் கெனால் என்றேன். மற்றதைச் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கியிருந்தால் வேறு குரலில் முடிந்திருக்கும்.

"மூணு தடவையா?" என்றார். "விருந்து வேலை தலைக்கு மேல கிடக்கு. புடுங்கிடச் சொல்லு, ஒரே நாள்ல முடிஞ்சிடும்."

கெட்ட மனிதர் அல்ல. எனக்குக் குழலி என்று பெயர் வைத்தவர். ஹாஸ்டலில் விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதவர். அதனால்தான் இன்னும் கோபம் வருகிறது. கெட்டவராக இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும்.


மே 22, வெள்ளி

போகவில்லை.

விருந்துக்கு மசாலா வறுத்து அரைக்க வேண்டுமாம். மாடியில் மல்லியும் மிளகாயும் காய்கின்றன. "வலி இல்லைடி இப்ப. விருந்து முடியட்டும்."

மிளகாய் நெடியில் இருமினேன். இருமினால் பல் எல்லாம் சேர்ந்து வலிக்கிறது. நான் எதுவும் சொல்லவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன்.


மே 30

நந்தகோபால் போன் செய்தான். வங்கிக்கு வந்த ஒரு பெரியவர் டோக்கன் எண் ஏழுதான் வேண்டும், எட்டு ராசியில்லை என்று சண்டை போட்டாராம். அவரைப் போலவே பேசிக் காட்டினான். சிரித்தேன். கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன், போனில்.

"என்ன சாப்பிட்டே?"

"ராகிக் கூழ்."

"ஐயோ."

"நல்லாத்தான் இருக்கு. அம்மா கெட்டித் தயிர் விட்டுக் கரைப்பாங்க. மாம்பழத்தைப் பிழிஞ்சு ஊத்தினா இன்னும் நல்லாயிருக்கும்."

"எப்பத்தான் கடிச்சுச் சாப்பிடுவே?"

"உங்கம்மாவைக் கேளுங்க" என்று சொல்லியிருக்கலாம். சீக்கிரம் என்றேன்.


ஜூன் 3

அம்மா கிராம்பு டப்பாவை மேல் அலமாரியிலிருந்து எடுத்து, கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கிறாள்.


ஜூன் 7, ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன். நாளைக்கு எனக்கு நானே மாற்றிச் சொல்லிக்கொள்வேன்.

நந்தகோபால், அவன் அம்மா சந்திரா அத்தை, அவர்கள் உறவினர்கள். சீரகச் சம்பா பிரியாணி, மட்டன் சுக்கா, நாட்டுக்கோழிக் குழம்பு, எலும்பு ரசம். எல்லாம் அம்மா கை. விடிவதற்கு முன் எழுந்து செய்தது. கன்னத்தின் வீக்கத்தை மறைக்க முந்தானையைத் தோளைச் சுற்றி ஏற்றிப் போட்டிருந்தாள்.

முதல் பந்தியில் வந்தவர்கள் உட்கார்ந்தார்கள், அப்பாவும் கூட. என்னையும் சந்திரா அத்தைக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். என் இலையில் பால்சோறு.

"அட, குழந்தைக்கு ஊட்டுற சோறு," என்றார் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள். நந்தகோபாலும். அவன் சிரிப்பு நல்ல சிரிப்புதான்.

அம்மா பரிமாறினாள். அத்தை எலும்பைக் கடித்து, மஜ்ஜையை உறிஞ்சி, "சம்பந்தி, கை மணம்னா இதான். நீங்களும் வந்து உக்காருங்க," என்றார். மரியாதைக்குச் சொல்வது. யாரும் உட்கார மாட்டார்கள்.

"இருக்கட்டும், நீங்க நல்லா சாப்பிடுங்க. எனக்கு அப்புறம்," என்றாள் அம்மா. கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

எனக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. இல்லை, இது சோம்பேறித்தனமான வாக்கியம். எதுவும் அறுந்துபோகவில்லை. நான் யோசித்துத்தான் செய்தேன். எழுந்தேன். என் இலைக்குப் பக்கத்தில் ஓர் இலை போட்டேன். அம்மாவின் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கினேன். அடுப்படியில் அவள் தனக்கென்று குழைய வடித்து மூடி வைத்திருந்த சோற்றை எடுத்துவந்து வைத்து, ரசத்தை ஊற்றினேன்.

"அம்மாவுக்குக் கறி கடிக்க வராது அத்தை. கடைவாய்ப் பல் எல்லாம் பிடுங்கியாச்சு. இருக்கிறது ஒரு ஜோடி, அதுலயும் சீழ் வச்சிருக்கு. எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது. இவங்க எப்பவும் கடைசியா, தனியாத்தானே சாப்பிடுவாங்க."

அப்பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் கையில் ஒரு நல்லி எலும்பு. வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

நான் எதிர்பார்த்தது என்ன? ஒரு கணம் வெட்கம். அப்பா தலைகுனிவார். அம்மா நிமிர்வாள்.

அம்மாதான் தலையைக் குனிந்தாள். எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். அவள் இரண்டு கவளம் வைத்தாள். உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு, விருந்தாளிகள் முன்னால், மெல்லாமல் விழுங்கினாள்.

"ஐயோ பாவம், அப்படி ஒண்ணும் வயசாகலையே," என்றார் சந்திரா அத்தை. பிறகு என் வாய்க்கும் அம்மா வாய்க்கும் நடுவில் ஒருமுறை பார்வையை ஓட்டினார். "பல்லு விஷயம் உங்க வம்சத்துலயே இருக்கோ?"

அப்பா, "பாயசம், பாயசம்," என்றார்.

கை கழுவிய பிறகு, வெற்றிலை போடும்போது, அத்தை அப்பாவிடம் சொன்னது: "முகூர்த்தத்துக்கு முந்தி அந்தக் கம்பியை எடுத்துருங்க. போட்டோவுல பளபளன்னு தெரியும்."

அப்பா: "எடுத்துடலாம், எடுத்துடலாம்."

போட வைத்ததும் அவர்கள். எடுக்கச் சொல்வதும் அவர்கள்.

எல்லோரும் போன பின், கொல்லைக் குழாயடியில் அம்மா பிரியாணி அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உதவப் போனேன்.

"தொடாதே."

"அம்மா..."

"நல்லா இருந்துச்சாடி உனக்கு? இத்தனை வருசம் ஒருத்தருக்கும் தெரியாம வச்சிருந்தேன். அது என் வாய். தொறக்கிறதும் மூடுறதும் என் இஷ்டம்."

"உனக்காகத்தான்..."

"எனக்காகவா?" தேய்ப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. "உனக்கு உங்கப்பா மேல கோவம். அந்தம்மா மேல கோவம். கோவம்னா உன் வாயைத் தொறந்து பேசு. நாலு பல்லு புடுங்கினாங்களே, அப்பப் பேசினியா? கம்பி கட்டினாங்க, அப்பப் பேசினியா? எடுக்கச் சொல்லிட்டுப் போறா, இப்பக்கூட வாசல் வரைக்கும் போயி, போயிட்டு வாங்க அத்தைன்னுட்டு வந்தே. உன் வாய்க்குப் பேசத் துப்பில்லாம, என் வாயைத் தொறந்து ஊருக்குக் காட்டுறியா?"

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் மூடினேன்.


ஜூன் 8

அம்மா பேசவில்லை. மதியம் சோறு உதிரி உதிரியாக இருந்தது. எனக்கென்று தனியாக எதுவும் குழைய வைக்கவில்லை. தட்டில் முருங்கைக்காய், நார் நாராக. அவள் தட்டை நான் பார்க்கவில்லை. அடுப்படிக் கதவைச் சாத்தியிருந்தாள்.


ஜூன் 9

நானே கஞ்சி வைத்தேன். அடி பிடித்துவிட்டது. அடி பிடித்ததைத்தான் குடித்தேன்.

மூன்று பக்கம் எழுதிக் கிழித்தேன். எல்லாவற்றிலும் நான் சரியாக இருந்தேன்.


ஜூன் 11, வியாழன்

அப்பா மதியம் சாப்பிட வந்தார். அடுப்பு குளிர்ந்து கிடந்தது. அம்மா வீட்டில் இல்லை.

"எங்கே போனா?"

தெரியாது. எனக்கு நிஜமாகவே தெரியாது. இருவரும் கூடத்தில், சொந்த வீட்டில் விருந்தாளிகள் போல் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் தோசை வார்த்தேன். ஓரமெல்லாம் கருகல். அப்பா கடித்தார். மொறுமொறு என்று கேட்டது. எவ்வளவு சுலபமான சத்தம்.

அம்மா வெயிலில் நடந்து வந்தாள், பஸ்ஸில் போய்விட்டு. வலது பக்க உதடு மரத்துத் தொங்கியது.

"சொல்லிட்டுப் போகக் கூடாதா?" என்றார் அப்பா. "பல்லுக்கா? புடுங்கியாச்சா?"

அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"இத்தனை பல்லு போயிருக்குன்னு எனக்குத் தெரியாதே அமராவதி," என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது. விருந்து முடிந்து நான்கு நாளாக இதைச் சொல்லத்தான் சுற்றிக்கொண்டிருந்தார் என்று இப்போதுதான் புரிந்தது. "சத்தியமாத் தெரியாது."

"தெரிஞ்சா?" என்றாள் அம்மா.

கேட்டுவிட்டு நின்றாள். பதிலுக்காகத்தான் நின்றாள். அப்பா தட்டைப் பார்த்தார், தோசையைப் பார்த்தார். அவள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள், பட்டப்பகலில்.

பல் இருக்கிறதா போய்விட்டதா என்று என்னிடமும் சொல்லவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.


ஜூன் 15, திங்கள்

கம்பி இறுக்கும் நாள். தனியாகப் போனேன். வழியெல்லாம், அம்மா பிடுங்கிக்கொண்டிருப்பாள், என் மேலுள்ள கோபத்திலேயே பிடுங்கிக்கொண்டிருப்பாள் என்றுதான் நினைத்தேன்.

"அம்மா சொல்லலையா?" என்றார் டாக்டர். "பல்லு பத்திரமா இருக்கு. வேரைச் சுத்தம் பண்ணி அடைச்சாச்சு. புதன்கிழமை பல்லு மேல உறை மாதிரி கேப் போட வர்றாங்க."

நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"அதோட விடல. ஊசி போட்டு மரத்துப்போன வாயோட எழுந்து உக்காந்து என்னைத் திட்டினாங்க. என் பல்லாவது சொத்தை, எம் பொண்ணுகிட்ட நாலு நல்ல பல்லை எடுத்தீங்களே, உங்களுக்குக் கை கூசலையான்னு கேட்டாங்க. பாதி வார்த்தை குழறுது, ஆனா விட மாட்டேங்குறாங்க. நான் எல்லாருக்கும் பண்றதுதாம்மான்னேன். எல்லாருக்கும் பண்ணினா சரியாயிடுமான்னாங்க."

டாக்டர் சிரித்தார். முழுச் சிரிப்பு இல்லை.

"உங்கப்பாவும் போன் பண்ணினார். கல்யாணத்துக்கு முன்னாடி கம்பியை எடுத்துடணுமாம். எடுக்கலாம். ஆனா எடுத்த இடமெல்லாம் ஓட்டையா நிக்கும். முன்பல்லும் பழையபடி வந்துடும். குறைஞ்சது ஒண்ணரை வருஷம் இருந்தாத்தான் இது ஒரு வேலை. இல்லைன்னா நாலு பல்லு வீண். நீங்க சொல்லுங்க. உங்க வாய்."

இத்தனை நாளில் யாராவது கேட்டிருந்தால் என்று எழுதப் போனேன். கேட்காவிட்டால் சொல்லக்கூடாதா?

"இறுக்குங்க டாக்டர்."


ஜூன் 16

வலி. முதல் நாளைப் போலவே. காலையில் வெறும் பால்.

அப்பா கடைக்குக் கிளம்பும் முன் கேட்டார். "டாக்டர்கிட்டப் பேசிட்டியா? எப்ப எடுக்குறாங்க?"

"எடுக்கப் போறதில்லைப்பா."

"அவங்ககிட்டச் சொல்லியாச்சே."

"நீங்கதான் சொன்னீங்க. நான் சொல்லல. நான் இப்பச் சொல்றேன்."

அவர் முன்னாலேயே போனை எடுத்தேன். நந்தகோபாலுக்கு அல்ல, அவன் அம்மாவுக்கு. நாக்கு புண்ணில் படும்போதெல்லாம் வார்த்தை உடைந்தது.

"அத்தை, குழலி பேசுறேன். கம்பியை எடுக்க மாட்டேன். கம்பியோடதான் மணமேடையில உக்காருவேன்."

"என்னம்மா இது? போட்டோவுல..."

"தெரியும். தெரியட்டும். நாலு நல்ல பல்லை எடுத்தது நீங்க தரகர்கிட்டச் சொன்ன ஒரு வார்த்தைக்காக. அதை நம்பி நானும் வாயைத் தொறந்தேன், அது என் தப்பு. இன்னொரு வார்த்தைக்காக மறுபடி தொறக்க மாட்டேன். அன்னிக்கு எங்க வம்சத்தைப் பத்திக் கேட்டீங்க. எங்கம்மா பல்லு வம்சத்தால போகலை. எங்க விசேஷத்துக்கெல்லாம் சமைக்க ஆள் வேணும்னு போச்சு."

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது.

"கை நனைச்ச வீடு," என்றார் மெதுவாக. "இப்படிப் பேசலாமா?"

"நனைச்சதுக்கு அப்புறம்தானே அத்தை உண்மையைப் பேசணும்."

"பையன்கிட்டக் கேட்டுச் சொல்றேன்," என்று வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் அவன். "அம்மாகிட்ட நேரா ஏன் பேசினே? என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல. நான் பக்குவமா எடுத்துச் சொல்லியிருப்பேன்."

"நீங்க அந்தப் பந்தியிலதானே இருந்தீங்க?"

"யோசிச்சுச் சொல்றேன் குழலி," என்றான்.

அவன் குரல் எனக்குப் பிடித்திருந்தது. தினமும் அதற்காகக் காத்திருந்தேன். போன் வரும் நேரத்துக்குத் தலை சீவிக்கொண்டேன். இதையெல்லாம் இதுவரை நான் எழுதவில்லை. சரி என்று சொன்னதற்கு அப்பா மட்டும் காரணமில்லை.

யோசிக்கட்டும்.

அடுப்படிக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. அம்மா பூசணிக்காயை வேகவைத்து மசித்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரத்துக்கு மேலாகப் பேசாதவள், திரும்பாமலே கேட்டாள்.

"என்ன சொன்னான்?"

"யோசிச்சுச் சொல்றானாம்."

"நல்லா யோசிக்கட்டும். அவசரம் என்ன?" உப்புப் பார்க்க விரலில் எடுத்து நாக்கில் வைத்தாள். "வராமப் போனாலும் போகட்டும்னு நான் சொல்ல மாட்டேன். அதையும் நீயே சொல்லிக்கோ."

கூடத்திலிருந்து அப்பா கத்தினார். வீடு அதிர்ந்தது. யாரைக் கேட்டுப் பேசினாள், ஊரில் நான் எப்படித் தலைகாட்டுவது, படிக்க வைத்தது இதற்கா. என் வாயெல்லாம் துடித்தது. ஒவ்வொரு பல்லும், எடுத்த இடங்கள்கூட.

அம்மா அடுப்பைக் குறைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவர் கத்தும்போதெல்லாம் கிளம்புவதுபோல், கூடத்தைப் பார்த்துக் கிளம்பினாள்.

"நீ இரும்மா," என்றேன். "என்னைத்தான் கூப்பிடுறார்."